வலையும் காற்றுத் துப்பாக்கியும்: முயல் வேட்டை பற்றிச் சில விளக்கங்கள்

நிலக்கடலை முளைத்து இளந்தளிர் விட்டிருக்கும் சமயம். விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் விவசாயி, வரப்போரமாக நான்கைந்து சால்களில் செடிகள் கத்தியால் அரிந்தாற்போல் நறுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். அருகில் உருண்டையான புழுக்கைகள் சிதறிக் கிடக்கின்றன. முயல் மேய்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய தகப்பனார் காலமாயிருந்தால் அன்று மாலையே பரணிலிருந்து வலை இறங்கியிருக்கும். இன்றோ வீட்டிலுள்ள இளைஞன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறான். இங்கிலாந்து தேசத்து விவசாயி ஒருவர் தம் கையாலேயே பின்னிய வலையை வளையின் வாயில் விரித்து முயல்களைப் பிடிக்கிறார். எஞ்சியவற்றைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுகிறார். அவரைத் தடுப்பார் எவரும் இல்லை. "அவர்கள் செய்யலாம், நாம் மட்டும் செய்யக் கூடாதா?" என்பது இளைஞனின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. சட்டம் தடுக்கிறது என்று ஒரே வார்த்தையில் விடை கூறி அவனை அனுப்பிவிடலாம். ஆனால் காரணம் தெரியாத தடையை ஊரார் நெடுநாள் மதிப்பதில்லை என்பது பஞ்சாயத்து அங்கத்தினர் யாவரும் அனுபவத்தில் கண்டது. ஆதலின் வலையும் காற்றுத் துப்பாக்கியும் எங்கே, எதன்மேல், எக்காரணத்தால் பயன்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். இரு தேசங்களிலும் கருவி ஒன்றுதான், வேறுபடுவது பிராணி.

ஒரு பெயர், இரு பிராணிகள்

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பிராணிகளுக்கு வழங்கி வருகிறோம். நம் கரம்பிலும் குன்றடியிலும் திரிவது காட்டு முயல். இதன் பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு. வாலின் மேற்புறமும் கறுத்திருக்கும். இது வளை தோண்டி வாழ்வதில்லை. பகல் முழுவதும் புதரடியில், புல்லை அமுக்கி உண்டாக்கிய சிறு பள்ளம் ஒன்றில் அசையாது படுத்திருந்து, அந்தி சாய்ந்தபின் தனியாக மேயப் புறப்படும். சினைக்காலம் சுமார் 6 வாரம்; ஈற்றுக்கு ஒன்று முதல் நான்கு குட்டிகள். அக்குட்டிகள் பிறக்கும்போதே உடலெங்கும் மயிரும் திறந்த கண்களும் உடையனவாயிருக்கும்.

கூண்டில் வைத்து நாம் வளர்க்கும் முயல் வேறு. அது ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இனத்தின் வழிவந்தது. அவ்வினம் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். சினைக்காலம் சுமார் 30 நாட்களே. ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகளும் பிறக்கும். குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் வெளிவரும். இவ்விரு இனங்களும் ஒன்றோடொன்று கூடிக் குட்டி ஈனுவதில்லை.

வளை தோண்டுவதும் தோண்டாமையும் அற்ப வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் வேட்டை முறை, பயிர்ச் சேதத்தின் அளவு, சட்டத்தின் நோக்கு ஆகிய மூன்றும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இங்கிலாந்தில் நடப்பது என்ன?

இங்கிலாந்தில் இன்று காணப்படும் வளை முயல் அத்தேசத்திற்கே உரிய பிராணியன்று. நார்மானியர் 12ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொண்டுவந்து, மேடான நிலங்களில் காவலிட்டு வளர்த்தனர். காவலை மீறி வெளியேறியவை நாளடைவில் தேசமெங்கும் பரவின. ஒரு ஜோடி ஓராண்டில் பல ஈற்றுகள் ஈனும். வரப்புகளையும் வேலி ஓரங்களையும் குடைந்துவிடும். கோதுமைப் பயிரைத் தரையோடு மேய்ந்துவிடும்.

அங்குள்ள குத்தகை விவசாயிகளின் நிலை ஒரு காலத்தில் மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. வேட்டை உரிமையை நிலச்சுவான்தார்கள் குத்தகைப் பத்திரத்திலேயே தங்களுக்கென ஒதுக்கிக்கொள்வது வழக்கம். கண்ணெதிரே பயிரைத் தின்னும் முயலைக் குத்தகைதாரர் தொடவும் இயலாது. 1880ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டமே, நிலத்தை உழுபவர் தம் நிலத்திலுள்ள முயல்களைக் கொல்லும் உரிமையைப் பறிக்க முடியாத உரிமையாக்கிற்று. 1954ஆம் ஆண்டின் பீடைகள் சட்டம் அதற்கும் அப்பாற் சென்று, முயல்களைக் கட்டுப்படுத்துவதை நிலத்தில் இருப்பவரின் கடமையாகவே விதித்தது. கைப்பேசிப் படத்தில் வரும் விவசாயி அக்கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அவர் கையாளும் வலைகள் இருவகைப்படும். ஒன்று பை வலை. சுமார் 3 அடி நீளமுள்ள இச்சிறு வலையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். ஓரமாக ஒரு சுருக்குக் கயிறு. வளையின் ஒவ்வொரு வாயிலும் ஒரு வலையைப் பரப்பி, கயிற்றை முளையில் கட்டிவிடுவர். பின்னர் பெர்ரெட் என்னும், கீரியைப் போன்று நீண்ட உடலுடைய வளர்ப்புப் பிராணியை ஒரு வாயில் வழியே உள்ளே விடுவர். அதற்கு அஞ்சி முயல் வெளியே பாயும். பாய்ந்த வேகத்திலேயே சுருக்கு இறுகி வலை பையாக மூடிக்கொள்ளும். மற்றொன்று நீள வலை. 50 அல்லது 100 கெஜ நீளமுள்ள இதனை, இருளில் ஓசையின்றி, மேயும் முயல்களுக்கும் அவற்றின் வளைகளுக்கும் இடையே நாட்டிவைத்து, மறுபுறமிருந்து துரத்துவர். முன்னாளில் இவற்றைச் சணல் வகை நாரால் பின்னினர். இப்போது பெரும்பாலும் நைலான். குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம் எனக் கொள்கின்றனர்; வளைக்குள் பால்குடிக் குட்டிகள் இருக்கும் மாதங்களைத் தவிர்ப்பதே இதன் காரணம்.

காற்றுத் துப்பாக்கியிலும் அங்கு ஒழுங்குமுறை உண்டு. குண்டு வெளிப்படும்போது பெறும் சக்தி 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், என்னும் அளவைத் தாண்டாத துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் உரிமச் சீட்டு வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்தில் 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் அதற்கும் உரிமச் சீட்டு அவசியம். இத்துணைச் சிறிய சக்தியால் முயலை உடனே கொல்ல வேண்டுமாயின் சுமார் 30 கெஜத்திற்குள் நின்று தலையில் மட்டுமே சுட வேண்டும் என்பது அங்குள்ளோர் பயிலும் பாடம். உடலிற் பட்டால் முயல் சாவதில்லை. காயத்துடன் ஓடி வளைக்குள் கிடந்து துன்புறும்.

ஆஸ்திரேலியாவின் கதை யாவரும் கேள்வியுற்றதே. 1859ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக விக்டோரியா மாகாணத்தில் தருவித்து விட்ட இருபத்துச் சொச்சம் முயல்கள், அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலிய சர்க்கார் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் வேலிகள் கட்டிப் பார்த்தனர், பயனில்லை. 1950ஆம் ஆண்டில் மிக்ஸோமட்டோஸிஸ் என்னும் முயல் நோயைப் பரப்பிய பின்னரே தொல்லை ஓரளவு தணிந்தது.

அதே நோய் 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தையும் அடைந்து, முயல்களிற் பெரும்பகுதியைக் கொன்றது. இதன்பின் நடந்ததை நம் கவனத்திற்கு அவசியம் கொண்டுவர வேண்டும். முயல்கள் மேயாது விட்ட புல்வெளிகளில் புல் உயர்ந்து புதர் மண்டிற்று. குட்டைப் புல் வெளியில் மட்டுமே வாழும் ஒருவகைச் சிவப்பெறும்பு அங்கெல்லாம் அருகிப் போயிற்று. அவ்வெறும்பின் புற்றில் புழுப்பருவத்தைக் கழிக்கும் பெருநீலம் என்ற வண்ணத்துப்பூச்சி, மேய்ச்சல் மாடுகளும் குறைந்துபோன நிலையில் 1979ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அடியோடு அற்றுப்போயிற்று. பின்னர் சுவீடனிலிருந்து கொணர்ந்தே அதனை மீண்டும் குடியேற்ற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வந்த பீடை எனக் கருதப்பட்ட பிராணியின் மறைவே இத்தனை மாறுதலை விளைவித்ததென்றால், ஆதிநாள் தொட்டு ஒரு நிலத்தில் ஊன்றி வாழும் பிராணியை அகற்றுவது எத்தகைய செயலென்பதை விவரிக்க வேண்டுவதில்லை. அந்த வளை முயலே தன் தாயகத்தில் இன்று அருகிவரும் இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

நம் ஊர் முயல் வலை

இனி நம் ஊருக்கு வருவோம். முயல் வலை நம் கிராமங்களுக்குப் புதிதன்று. சணப்பு நாரையோ கற்றாழை நாரையோ தொடையில் வைத்துத் திரித்து, மூங்கில் ஊசியில் சுற்றி, கண் கண்ணாக முடிந்து வலை பின்னுவது முதியோர் பலரின் கைவேலையாக இருந்தது. கண்ணின் அளவை விரலாலேயே நிர்ணயிப்பர். கண் சிறுத்தால் முயல் மோதித் திரும்பிவிடும், பெருத்தால் நழுவிவிடும், தலை நுழைந்து தோள் சிக்கும் அளவே சரியான அளவு. வலையை விறைப்பாகக் கட்டலாகாது. முயல் மோதியவுடன் கவைக் குச்சிகளிலிருந்து நழுவி அதன்மேல் விழுமாறு தளர நிறுத்த வேண்டும். இவற்றையெல்லாம் ஏட்டில் படித்தவர் யாருமில்லை. தகப்பன் செய்ததைப் பார்த்துப் பிள்ளை கற்றதே.

நம் முயலுக்கு வளை இல்லாமையால் பை வலைக்கு இங்கு இடமில்லை. ஆகவே ஊரே திரண்டு செல்லும் வேட்டையாக அது அமைந்தது. முயல் நாள்தோறும் ஒரே தடத்தில் செல்லும் வழக்கமுடையது. அத்தடத்தின் குறுக்கே வலையை நாட்டி, மறுபுறமிருந்து தகரம் தட்டியும் கூவியும் புதர்களைக் கலைத்துக்கொண்டு ஆட்கள் வருவர். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகும் கோடையிலும், சில மாவட்டங்களில் மாசி மாதத்துச் சிவராத்திரியை ஒட்டியும் இது நிகழ்ந்து வந்தது. கிடைத்ததைப் பங்கிட்டு உண்டனர். இவ்வழக்கத்தில் ஊர் ஒற்றுமையும் மகிழ்ச்சியும் இருந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்நாளைய நிலைமை வேறு. ஊரைச் சுற்றிலும் கரம்பும் புதர்க்காடும் மேய்ச்சல் புறம்போக்கும் பரந்து கிடந்தன. ஓரிடத்தில் வேட்டையாடினாலும் பக்கத்துப் புதரிலிருந்து முயல்கள் வந்து அவ்விடத்தை நிரப்பும். இன்று அக்கரம்புகளிற் பல மனைகளாகவும் கல் குவாரிகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியிருக்கும் புதர்த் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. அவற்றுள் ஒன்றை ஓர் இரவில் வலையிட்டு வளைத்தால், மீண்டும் அங்கு முயல் வருவதற்கு வழியே இராது. இரவில் நெற்றி விளக்கு கட்டிச் செல்வோரால் கேடு இன்னும் மிகுதி. திடீரெனக் கண்ணில் பட்ட ஒளியில் முயல் திகைத்து நின்றுவிடும் இயல்புடையது. அதற்குத் தப்பும் வாய்ப்பே இல்லை.

முயலையே நம்பி வாழும் உயிர்களும் உண்டு. நரி, காட்டுப் பூனை, பெரிய ஆந்தை ஆகியவை முயலையும் குட்டிகளையும் தின்பவை. இவையே நம் வயல் எலிகளையும் அடித்துத் தின்கின்றன. முயல் அற்றுப்போன மேட்டில் நரி தங்காது. தங்கினாலும் பட்டியிலுள்ள ஆட்டுக்குட்டியையும் கோழியையும் நாடும். முயலால் ஏற்படும் சேதத்தைக் கணக்கிடும் விவசாயி இந்தப் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சட்டம் கூறுவது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது வேட்டையை முற்றிலும் தடுக்கவில்லை. காட்டு முயலைச் சிறு வேட்டைப் பிராணிகளுக்குரிய 4ஆம் அட்டவணையில் சேர்த்து, உரிமச் சீட்டு பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமச் சீட்டு முறையையே ஒழித்துவிட்டது. "அந்தக் காலத்தில் லைசென்சு கொடுத்தார்களே" என்று முதியவர்கள் கூறுவது பொய்யன்று. அவர்கள் கூறும் காலம் கடந்துவிட்டது என்பதே செய்தி. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கி அமைத்தபோது காட்டு முயல் 2ஆம் அட்டவணையில் இடம்பெற்றது. இத்திருத்தம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

கிராமங்களில் பரவியுள்ள சில தவறான எண்ணங்களை இங்கே தெளிவாக்குவது நலம். காப்புக்காட்டுக்குள் சென்றால்தான் குற்றம், பட்டா நிலத்தில் குற்றமில்லை என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. சட்டம் பாதுகாப்பது பிராணியை. அது எவர் நிலத்தில் நிற்கிறது என்பது கேள்வியன்று. கொன்றால்தான் வேட்டை என்பதும் தவறு. பிடித்தல், கண்ணி வைத்தல், வலையிடுதல், துரத்துதல், நாயை ஏவுதல், இரை வைத்து ஈர்த்தல், நஞ்சிடுதல் யாவும் வேட்டையே. அவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. வலையை நாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரும் குற்றவாளியாகக் கூடும். முயல் இறைச்சியை வாங்குதலும் வைத்திருத்தலும் விற்றலும் அவ்வாறே. உயிரோடு பிடித்து வீட்டில் வளர்ப்பதற்கும் அனுமதி இல்லை.

குற்றம் ருசுவானால் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பயன்படுத்திய வலை, துப்பாக்கி, மோட்டார் சைக்கிள் முதலியவற்றைப் பறிமுதல் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கின்றி இணக்கத் தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்ள அதிகாரிகள் இசைந்தாலும், அத்தொகையின் உச்ச வரம்பு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இரண்டு கிலோ இறைச்சிக்காக ஒரு குடும்பம் ஓராண்டு வெள்ளாமையை இழக்க நேரிடும். வேலைக்கு மனுச் செய்யும் இளைஞன்மீது வழக்கு நிலுவையில் இருந்தால் நேரும் இடையூறு வேறு.

காற்றுத் துப்பாக்கி குறித்துத் தனியே ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமச் சீட்டு வேண்டுவதில்லை. இதிலிருந்தே குழப்பம் பிறக்கிறது. சீட்டின்றி வாங்கலாம் என்பதால், வாங்கியதைக் கொண்டு எதையும் சுடலாம் என்று கருதுகின்றனர். அட்டையில் குறி வைத்துப் பழகவே அது உதவும். காட்டு முயலையோ மயிலையோ புறாவையோ சுட்டால் அது வேட்டைக் கருவியாகி, தண்டனைக்கு இடமளிக்கும். உள்ளே அழுத்தப்பட்ட காற்று ஈயக் குண்டைத் தள்ளும் வேகம், மனிதக் கண்ணைப் போக்குவதற்குப் போதுமானது. சிறுவர்கள் கையில் அதனை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கும் பெற்றோர் இதை மறத்தலாகாது.

பயிருக்கு உண்மையாகவே பெருஞ்சேதம் நேருமாயின் சட்டம் கைவிடவில்லை. நிற்கும் பயிருக்கு ஆபத்து விளைவிக்கும் 2ஆம் அட்டவணைப் பிராணியைக் குறித்து, காரணங்களைக் காட்டி எழுத்து மூலம் உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரிக்கும் உண்டு. மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கலாம். உத்தரவு கைக்கு வருமுன் எவரும் தாமாக எதுவும் செய்தலாகாது.

மேய்ந்தது முயல்தானா?

மனு கொடுக்குமுன், ஏன், வேலி கட்டுமுன்னும், உண்மையில் மேய்ந்தது எது என்பதை விவசாயி நிச்சயித்துக்கொள்ள வேண்டும். முயல் தலையில் விழும் பழிகளிற் பாதி அதற்குரியதன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முயலின் முன்பற்கள் கூர்மையானவை. ஆகவே அது கடித்த தண்டு சாய்வாக, வழவழப்பாக நறுக்கப்பட்டிருக்கும். ஆடு மேய்ந்த தண்டு பிய்ந்தும் நார் தொங்கியும் காணப்படும். மண்ணை மூக்கால் கிளறிக் குழிபறித்திருந்தால் அது காட்டுப்பன்றி. விதையையும் முளையையும் பிடுங்கி எறிந்திருந்தால் மயிலைச் சந்தேகிக்கலாம். காயைப் பறித்து வரப்புப் பொந்துக்குள் சேர்த்திருந்தால் எலி. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்று மரத்தின் அடிப்பட்டையைச் சுரண்டியிருந்தால் முள்ளம்பன்றி. ஈர மண்ணில் கால் தடம் பதிந்திருப்பின் ஐயத்திற்கே இடமில்லை: சிறு முன்கால்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவும், அவற்றுக்கு முன்னே நீண்ட பின்கால்கள் இரண்டும் அக்கம்பக்கமாகவும் பதிவது முயலின் பாய்ச்சல்.

முயல்தான் என்று தெரிந்தால், காக்க வேண்டிய காலம் சிறிது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றில் முளைத்த முதல் மூன்று, நான்கு வாரங்களே ஆபத்துக் காலம். செடி கிளைத்துத் தழைத்தபின் முயல் தின்பது கணக்கில் வராது. புதர்க்காட்டை நோக்கிய ஓரத்தில்தான் அது பெரும்பாலும் மேயும். எனவே நான்கு புறமும் செலவு செய்ய வேண்டுவதில்லை. அவ்வொரு புறத்தில் இலந்தை முள்ளையோ சீமைக் கருவேல முள்ளையோ அடிப்பக்கம் நெருக்கமாக இருக்குமாறு அடைத்தல் போதும். வேலியின் மேற்பக்கம் எவ்வளவு உயரமாயிருந்தும், தரையோடு ஒட்டிய முக்கால் அடியில் சந்து இருந்தால் பயனில்லை. ஓரச் சால்கள் இரண்டில் விதையைச் சற்று நெருக்கி இடுதலும் இழப்பை ஈடுசெய்யும்.

காய்கறி நாற்றங்கால், பழ மரக்கன்று போன்ற விலையுயர்ந்த பயிருக்குக் கம்பி வலையே தக்கது. கண் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கம்பி வலையை 90 சென்டிமீட்டர் உயரத்திற்கு நிறுத்தி, அடியில் 15 சென்டிமீட்டர் அளவை வெளிப்புறமாக மடித்து, அதன்மேல் கல்லோ மண்ணோ இட்டு அமுக்கிவிட வேண்டும். தனிக் கன்றுகளைச் சுற்றிப் பிளந்த மூங்கிலோ கம்பி வலையோ முழங்கால் உயரத்திற்குச் சற்று மேல் வரை கட்டினால் பட்டை தப்பும். பழைய சேலைகளைக் கட்டுவதால் சில நாட்கள் பலன் தெரியும். பழகிவிட்ட முயல் அதனைப் பொருட்படுத்தாது. பழைய மீன் வலைகளைத் தொள தொளவென்று தொங்கவிடுவது கூடாது. முயல், கீரி, மயில், பாம்பு யாவும் அதில் சிக்கி மாளும். சிக்க வைத்தவர்மீது வழக்கும் வரக்கூடும். மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் விழுவது பெரும்பாலும் அடுத்த வயல்காரர்.

வேட்டையே பிழைப்பாயிருந்தவர்கள்

பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி தூக்கும் இளைஞனையும், தலைமுறை தலைமுறையாக வேட்டையால் வயிறு வளர்த்த இருளர், நரிக்குறவர் போன்ற மக்களையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று. சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் பஞ்சாயத்தின் கடமை ஒன்றன்று. முன்னவனுக்கு எச்சரிக்கை போதும். பின்னவர்க்கு மாற்றுப் பிழைப்பு வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உள்ளது. பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டபின் வேலையற்றுப்போன இருளர்களைக் கொண்டு 1978ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்திற்கு அண்மையில் வடநெம்மேலியில் அது பணியாற்றுகிறது. வனத்துறையின் அனுமதியோடு பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்க உதவுகிறது. கொல்வதற்குப் பயன்பட்ட அதே அறிவு உயிர் காக்கப் பயன்படுகிறது.

முயல் வேட்டையில் தேர்ந்த கைகளுக்கும் வேலை இல்லாமற் போகவில்லை. வலை பின்னத் தெரிந்தவர் பாகல், புடலைப் பந்தலுக்குக் கொடி வலை பின்னலாம். கோழிப் பட்டிக்கு மேல்வலை அமைக்கலாம். வயல் எலிகளைப் பிடிப்பதில் இருளர்க்குள்ள திறமையைப் பஞ்சாயத்தார் கூலி கொடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். இறைச்சியே குறிக்கோளாயின் வளர்ப்பு முயல் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற இனங்களை வளர்ப்பதற்கு வன உயிரினச் சட்டத்தின் தடையில்லை. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் இவ்வினங்களைப் பேணிவருகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: இவை குளிர்ந்த தேசத்துப் பிராணிகள். சமவெளிக் கோடையில் நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த நீரும் இன்றேல் வெயிலுக்கு மடிந்துவிடும். விற்பனைக்கு வழி தெரியாமல் கடன் வாங்கிக் கூண்டு கட்டிக் கைசுட்டுக் கொண்டோர் உளர். சந்தையை விசாரித்தபின், நான்கு பெட்டை, ஒரு கிடாவோடு தொடங்குவதே விவேகம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு முன்பாகவே ஜனவரி 26 கிராம சபைக் கூட்டம் வந்துவிடுகிறது. அக்கூட்டத்தில் வனவரையோ வனக்காப்பாளரையோ அழைத்து, சட்டத்தின் ஷரத்துகளை ஊரார்க்குத் தமிழில் விளக்கச் செய்யலாம். வழக்குப் பதிவான பின் சிபாரிசுக்கு ஓடுவதைக் காட்டிலும் இது எளிது. கோவில் விழாவோடு வேட்டை வழக்கம் பிணைந்துள்ள ஊர்களில் விழாவை நிறுத்த வேண்டியதில்லை. விஜயதசமியன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி, நாற்றிசையிலும் அம்பு விடுவதோடு வேட்டைச் சடங்கு நிறைவுறும் கோவில்கள் நம் நாட்டில் பல. உயிர்ப்பலி இன்றியே அச்சடங்கு முழுமை பெறுகிறது என்பதைக் கோவில் முறைகாரர்களோடு கலந்து பேசலாம்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, ஊரிலுள்ள செடி கொடிகள், பிராணிகள் பற்றிய மக்கள் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் இப்பதிவேடு பெயரளவில் நிற்கிறது. எந்த மேட்டில் முயல் தங்கும், எந்தத் தடத்தில் இறங்கும், எந்த மாதத்தில் குட்டி காணப்படும் என்பதெல்லாம் பழைய வேட்டைக்காரர்களுக்கே தெரியும். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதற்குத் தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். சணப்பு நார் வலையைப் பின்னும் முறையையும் அத்துடன் எழுதி வைக்கலாம். அறிந்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

இறுதியாக, அறுவடை செய்வோர்க்கு ஒரு குறிப்பு. கடலை பிடுங்கும்போதோ உளுந்து அறுக்கும்போதோ செடியடியில் முயல் குட்டி ஒன்று தனியே படுத்திருக்கக் காணலாம். தாயற்ற குட்டி என்று இரங்கி அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் பசும்பால் புகட்டுவதும் பெரும்பாலும் அதன் சாவிலேயே முடிகின்றன. தாய் அதனைக் கைவிடவில்லை. பகை விலங்குகளுக்கு இருப்பிடம் தெரியாதிருக்க, பகலில் தாய் விலகியே இருக்கும். இரவில் ஒருமுறை வந்து பாலூட்டிச் செல்லும். ஆதலின் குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றி நான்கடிச் செடியை மட்டும் அறுக்காது விட்டு, நாயைக் கட்டிவைத்துவிட்டு, மறுநாட் காலையில் அவ்விடத்தை அறுத்துக்கொள்ளலாம்.